டெக்னிக்கல் வேலையிலிருந்து புராஜெக்ட் மேனேஜர்... நாற்காலி மாறும் முன் யோசிக்க வேண்டியவை!

"என்னப்பா, இன்னும் புரோகிராம்தான் எழுதிட்டிருக்கியா? எப்போ மேனேஜர் ஆகப்போறே?"

ஐ.டி துறையில் எட்டு, பத்து வருடங்களை ஓட்டிவிட்ட யாரும் கல்யாணப் பந்தியிலோ, காதுகுத்து வீட்டிலோ இந்தக் கேள்வியிலிருந்து தப்பியிருக்க முடியாது. கேட்கிற பெரியவரையும் குறை சொல்ல முடியாது. அவர் பார்த்த அலுவலகங்களில் கிளார்க், சூப்பரின்டெண்டென்ட், மேனேஜர் என்று ஒரே ஏணிதான் இருந்தது. சர்வீஸ் கூடக் கூட ஒவ்வொரு படியாக ஏற வேண்டும். ஏறாதவரிடம் ஏதோ குறை இருக்கிறது என்று அர்த்தம்.

உறவினர்கள் கேட்காவிட்டாலும் மனசு கேட்கும். நேற்று சேர்ந்த பிள்ளைகள் புதுப்புது டெக்னாலஜியை இரண்டே மாதத்தில் பிடித்துக்கொள்கிறார்கள். வீட்டுக்கடன் இன்னும் பதினைந்து வருடம் இருக்கிறது. ஐம்பது வயதிலும் ராத்திரி பதினொரு மணிக்கு 'பக்' தேடிக்கொண்டு உட்கார முடியுமா? மேனேஜர் ஆகிவிட்டால் சம்பளம் கூடும், டென்ஷன் குறையும் என்று ஒரு கணக்கு ஓடுகிறது. ஓசூரிலும் ஒரகடத்திலும் இருக்கும் தொழிற்சாலை இன்ஜினீயர்களுக்கும், மெட்ரோ ரயில் பணிகளில் வெயிலில் நிற்கும் சிவில் இன்ஜினீயர்களுக்கும் இதே கணக்குதான்.

இந்தக் கணக்கில் சம்பளம் கூடுவது நடக்கலாம். டென்ஷன் குறையுமா என்பது சந்தேகம். அதனால், மாறுவதற்கு முன் இந்த வேலை என்ன கேட்கும், என்ன தரும், எதை எடுத்துக்கொள்ளும் என்று ஒருமுறை நிதானமாகப் பார்த்துவிடலாம்.

பக்கத்தில் இருக்கும் இன்னொரு ஏணி

கல்யாண சமையலை எடுத்துக்கொள்ளுங்கள். சாம்பார் வைப்பதில் ஊரிலேயே பேர்பெற்ற ஒருவர் இருப்பார். அவர் கைப்பக்குவத்துக்காகவே ஆட்கள் தேடி வருவார்கள். இன்னொருவர் சமையல் கான்ட்ராக்டர். எண்ணூறு பேருக்குக் காய்கறி வந்து சேர்ந்ததா, கேஸ் சிலிண்டர் போதுமா, பரிமாற எத்தனை பேர், ஏழரை மணி முதல் பந்திக்கு எந்தப் பாத்திரம் எத்தனை மணிக்கு அடுப்பில் ஏற வேண்டும் என்பதெல்லாம் அவர் தலையில்.

சாம்பார் மாஸ்டருக்கு அடுத்த புரமோஷன் கான்ட்ராக்டர் என்று நாம் யாரும் நினைப்பதில்லை. இரண்டும் வேறு வேலைகள். சமையல் தெரிந்த கான்ட்ராக்டரை யாரும் ஏமாற்ற முடியாது என்பது உண்மை. ஆனால், பந்தி நடக்கும்போது அவரே கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றால் இலை போட ஆள் இருக்க மாட்டார்.

டெக்னிக்கல் ஆளுக்கும் புராஜெக்ட் மேனேஜருக்கும் உள்ள வித்தியாசமும் இப்படித்தான். என்ன செய்யப்போகிறோம், எத்தனை நாளில், எவ்வளவு செலவில், என்ன தரத்தில் என்ற நான்கையும் கடைசிவரை கட்டிக் காப்பது புராஜெக்ட் மேனேஜரின் வேலை. அதில் ஒன்று அசைந்தால் மற்ற மூன்றும் அசையும் என்பதை எல்லோருக்கும் புரியவைப்பதும் அவர் வேலைதான்.

தீபாவளி தள்ளிப்போகாது

ஒரு உதாரணம். கோவையில் ஒரு ஜவுளிக்கடை, தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பு மொபைல் ஆப் வெளியாக வேண்டும் என்று ஒரு சின்ன சாஃப்ட்வேர் நிறுவனத்திடம் வேலையைக் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மே மாதம் வேலை தொடங்குகிறது. ஐந்து பேர் கொண்ட டீம்.

டெவலப்பரின் கண்ணுக்கு இது ஒரு சுலபமான ஆப். லாகின், சேலைகளின் பட்டியல், கார்ட், பணம் கட்டும் வசதி. மூன்று மாதம் தாராளம். அவர் சொல்வது தப்பும் இல்லை, அவருடைய பகுதி மூன்று மாதத்தில் முடிந்துவிடும்.

புராஜெக்ட் மேனேஜர் வேறு கேள்விகளைக் கேட்க வேண்டும். இரண்டாயிரம் சேலைகளுக்குப் போட்டோ யார் எடுப்பார்கள்? ஆடி முடிந்தபிறகுதான் தீபாவளி ஸ்டாக் வரும் என்றால், போட்டோ எடுக்க எத்தனை நாள் மிஞ்சும்? ஆன்லைனில் பணம் வாங்கும் வசதியைத் தரும் நிறுவனத்துக்குக் கடையின் ஆவணங்கள் போக வேண்டும். அவை ஆடிட்டரிடம் இருக்கின்றன, ஜூலையில் ஆடிட்டர் இன்கம் டாக்ஸ் வேலையில் மூழ்கியிருப்பார். ஆப் ஸ்டோர்கள் ஒப்புதல் தர எடுக்கும் நாட்களை யார் கணக்கில் வைத்தது? இந்த புராஜெக்ட் தாமதமானால், பெரும்பாலும் கோடிங்கால் ஆகாது. போட்டோவாலோ ஆடிட்டராலோதான் ஆகும்.

ஆகஸ்டில் கடை முதலாளி போன் செய்கிறார். "கிஃப்ட் வவுச்சர் ஒண்ணு சேர்த்துடுங்க, சின்ன வேலைதானே!" டெவலப்பரிடம் கேட்டால், "ரெண்டு நாள் வேலை சார்" என்பார். அந்த இரண்டு நாள் என்பது எழுதுவதற்கு மட்டும். அதை டெஸ்ட் செய்ய வேண்டும், வவுச்சரில் வாங்கிய சேலையைத் திருப்பிக் கொடுத்தால் பணம் எங்கே போகும் என்று முடிவு செய்ய வேண்டும், கடையின் பில்லிங் சாஃப்ட்வேரோடு இணைக்க வேண்டும்.

நல்ல மேனேஜர் உடனே சரி என்றும் சொல்ல மாட்டார், முடியாது என்றும் சொல்ல மாட்டார். "அண்ணாச்சி, மூணு வழி இருக்கு. வவுச்சரைச் சேர்த்து, விஷ்லிஸ்ட்டைப் பொங்கலுக்குத் தள்ளலாம். அல்லது இன்னொரு டெஸ்டரைப் போடலாம், அதுக்கு இவ்வளவு செலவாகும். அல்லது தீபாவளிக்கு இப்போ இருக்கிறது வரட்டும், வவுச்சரைக் கிறிஸ்துமஸுக்குக் கொண்டு வரலாம். எது வேணும்னு சொல்லுங்க" என்பார். முடிவை முதலாளி எடுப்பார். அதன் விலை என்ன என்பதை அவருக்கு முன்கூட்டியே காட்டுவதற்குத்தான் மேனேஜருக்குச் சம்பளம்.

இந்த உரையாடலை மனதுக்குள் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். சுவாரஸ்யமாக இருக்கிறதா, சலிப்பாக இருக்கிறதா? உங்கள் பதில் பல பயிற்சி வகுப்புகளைவிட அதிகம் சொல்லும்.

ஆள் கூடினால் வேலை குறையுமா?

தாமதமாகும் வேலையில் கூடுதல் ஆட்களைப் போட்டால் சீக்கிரம் முடிந்துவிடும் என்பது எல்லோருக்கும் முதலில் தோன்றும் யோசனை. ஐ.பி.எம் நிறுவனத்தில் சிஸ்டம்/360 கணினிகளின் உருவாக்கத்தையும், பிறகு அவற்றுக்கான ஆபரேட்டிங் சிஸ்டம் உருவாக்கத்தையும் வழிநடத்திய ஃபிரெட் புரூக்ஸ், 1975-ல் வெளியான தன் புத்தகத்தில் இதற்கு நேர்மாறான அனுபவத்தை விளக்கினார். ஏற்கெனவே தாமதமான சாஃப்ட்வேர் வேலையில் புது ஆட்களைச் சேர்த்தால் அது இன்னும் தாமதமாகும் என்ற அவருடைய கருத்து இன்றுவரை அவர் பெயராலேயே ஒரு விதியாகப் பேசப்படுகிறது.

காரணம் எளிது. புதிதாக வருபவருக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியவர், ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருப்பவர். அவருடைய நேரமும் போகும். அதோடு பேச்சுவார்த்தை பெருகும். ஐந்து பேர் இருக்கும் டீமில் இருவர் இருவராகப் பேசிக்கொள்ள 10 ஜோடிகள். பத்துப் பேர் ஆனால் 45 ஜோடிகள். ஆள் இரண்டு மடங்குதான், குழப்பத்துக்கான வாய்ப்பு நாலரை மடங்கு.

மேனேஜரின் நாள் முழுவதும் போனிலும் மீட்டிங்கிலும் போவதற்கு இதுதான் காரணம். டெக்னிக்கல் வேலையில் இருந்தவருக்கு இது பெரிய அதிர்ச்சி. கோடிங்கில் சாயங்காலம் ஆறு மணிக்கு 'இன்று இதை முடித்தேன்' என்று காட்ட ஏதாவது இருக்கும். மேனேஜர் வேலையில் பல நாள் அப்படிக் காட்ட எதுவும் இருக்காது. இருவருக்கு நடுவே இருந்த மனக்கசப்பைப் பேசித் தீர்த்திருப்பார், வரவிருந்த ஒரு தாமதத்தை வராமல் தடுத்திருப்பார். வராத பிரச்னைக்கு யாரும் கை தட்டுவதில்லை.

நான்காம் கட்டத்திலிருந்து முழு ராக்கெட்டுக்கு

டெக்னிக்கல் வேலையிலிருந்து புராஜெக்ட் பொறுப்புக்கு மாறியவர்களில் நாம் எல்லோரும் அறிந்த ஒருவர் ராமேஸ்வரத்துக்காரர். குரோம்பேட்டை எம்.ஐ.டி-யில் விமானப் பொறியியல் படித்த அப்துல் கலாம், இஸ்ரோவில் எஸ்.எல்.வி-3 ராக்கெட்டின் நான்காம் கட்டத்தை வடிவமைக்கும் பொறுப்பில் இருந்தார். பிறகு அந்த முழு ராக்கெட்டுக்கும் புராஜெக்ட் டைரக்டர் ஆக்கப்பட்டார். தன் பகுதியைத் தானே நன்றாகச் செய்துகொண்டிருந்தவர், மற்ற நிபுணர்களின் பகுதிகளுக்கும் சேர்த்துப் பதில் சொல்ல வேண்டிய இடத்துக்கு வந்தார்.

1979 ஆகஸ்ட் 10. ஸ்ரீஹரிகோட்டாவில் முதல் எஸ்.எல்.வி-3 ஏவப்படத் தயாராக இருந்தது. கடைசி நிமிடங்களில் கம்ப்யூட்டர் நிறுத்தச் சொன்னது. நிபுணர்கள் ஆராய்ந்து, ஏவலாம் என்றார்கள். முடிவெடுக்க வேண்டியவர் கலாம். அவர் ஏவச் சொன்னார். இரண்டாம் கட்டத்தின் கட்டுப்பாட்டு அமைப்பு செயலிழந்து, ராக்கெட் வங்காள விரிகுடாவில் விழுந்தது. அன்று பத்திரிகையாளர்கள் முன் வந்து பொறுப்பை ஏற்றுப் பேசியவர் இஸ்ரோவின் தலைவர் சதீஷ் தவான். 1980 ஜூலை 18-ல் அதே ராக்கெட் ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் நிறுத்தியபோது, பத்திரிகையாளர்களிடம் பேசச் சொல்லி தவான் அனுப்பியது கலாமை. இந்தச் சம்பவத்தைக் கலாம் பின்னாளில் மேடைக்கு மேடை சொல்லியிருக்கிறார்.

தலைவர் எப்படி இருக்க வேண்டும் என்பதற்காக இந்தக் கதை அடிக்கடி சொல்லப்படுகிறது. வேலை மாற நினைப்பவர்கள் இதில் இன்னொன்றையும் கவனிக்கலாம். முழுத் தகவல் கையில் இல்லாதபோதும் முடிவு எடுக்க வேண்டியிருந்தது. அதுவும், தான் செய்யாத ஒரு பகுதியைப் பற்றி, மற்றவர்கள் சொன்னதை நம்பி. டெக்னிக்கல் வேலையில் 'சரியாகத் தெரிந்தபிறகு சொல்கிறேன்' என்று சொல்ல முடியும். புராஜெக்ட் மேனேஜருக்கு அந்த வசதி பல நேரம் கிடைக்காது.

உங்களுக்கு ஒத்துவருமா?

மாறுவதற்கு முன் உங்களையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் சில:

* உங்களைவிட மெதுவாக, உங்கள் பாணியில் இல்லாமல் ஒருவர் வேலை செய்யும்போது, கீபோர்டைப் பிடுங்காமல் பொறுத்திருக்க முடியுமா?
* கெட்ட செய்தியைப் பெரிய அதிகாரியிடம் அன்றைக்கே சொல்லும் தைரியம் இருக்கிறதா?
* நண்பராக இருந்த சக ஊழியருக்கு அப்ரைசலில் குறைந்த மதிப்பெண் தர வேண்டி வந்தால், காரணத்தை முகத்துக்கு நேராகச் சொல்ல முடியுமா?
* ஒரு நாளைக்கு இருபது முறை வேலை நடுவில் இடைமறிக்கப்பட்டால் எரிச்சல் வருமா?
* கோடிங் இல்லாத ஒரு மாதத்தை நினைத்தால் நிம்மதியா, வெறுமையா?

பெரும்பாலான பதில்கள் 'கஷ்டம்' என்றால் அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. இன்றைக்குப் பல நிறுவனங்களில் டெக்னிக்கல் ஆட்களுக்கென்றே தனி ஏணி இருக்கிறது. ஆர்க்கிடெக்ட், பிரின்சிபல் இன்ஜினீயர் என்று மேலே போகலாம். உங்கள் நிறுவனத்தில் அந்த ஏணி பெயருக்கு மட்டும் இருக்கிறதா, நிஜமாகவே ஆட்கள் அதில் ஏறியிருக்கிறார்களா என்று விசாரியுங்கள். இல்லாவிட்டால், நிறுவனத்தை மாற்றுவது வேலையையே மாற்றுவதைவிடச் சுலபமாக இருக்கலாம்.

கூகுள் நிறுவனம் 2008-ல் தொடங்கிய 'புராஜெக்ட் ஆக்ஸிஜன்' என்ற ஆய்வில், தங்கள் நல்ல மேனேஜர்களிடம் என்னென்ன குணங்கள் இருக்கின்றன என்று பட்டியலிட்டார்கள். முதலில் வந்த எட்டுக் குணங்களில், டீமுக்கு ஆலோசனை சொல்லும் அளவு டெக்னிக்கல் திறமை எட்டாவது இடத்தில் இருந்தது. ஆட்களை வளர்த்துவிடுவதும், ஒவ்வொன்றிலும் மூக்கை நுழைக்காமல் இருப்பதும் அதற்கு மேலே. டெக்னிக்கல் அறிவு பட்டியலில் கடைசியாக இருந்தது, ஆனாலும் பட்டியலில் இருந்தது. இரண்டையும் நினைவில் வையுங்கள்.

இருக்கிற நாற்காலியிலேயே ஆரம்பியுங்கள்

மேனேஜர் பதவி கிடைத்தபிறகு கற்றுக்கொள்ளலாம் என்று காத்திருக்க வேண்டாம். இன்றைய வேலையிலேயே பழக முடிந்தவை நிறைய இருக்கின்றன.

மீட்டிங் குறிப்பு எழுதுங்கள். யாரும் விரும்பாத வேலை இது. என்ன முடிவானது, யார் செய்ய வேண்டும், எப்போதுக்குள் என்ற மூன்றை மட்டும் பத்து வரியில் எழுதி, மீட்டிங் முடிந்த அரை மணி நேரத்தில் அனுப்புங்கள். ஒரே மாதத்தில் எல்லோரும் உங்கள் மெயிலைத்தான் தேடுவார்கள்.

எஸ்டிமேட்டை எழுதி வைத்து ஒப்பிடுங்கள். எந்த வேலைக்கு எத்தனை நாள் சொன்னீர்கள், எத்தனை நாள் ஆனது என்று ஒரு எக்செல் ஷீட். ஆறு மாதத்தில் நீங்கள் எந்த மாதிரி வேலையைக் குறைத்து மதிப்பிடுகிறீர்கள் என்று தெரிந்துவிடும்.

'என்ன தப்பாகலாம்?' பட்டியல் போடுங்கள். ரிலீஸுக்கு முன் ஐந்து ஆபத்துகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு மாற்று வழி. இதை டீம் லீடிடம் காட்டுங்கள்.

பக்கத்து டீமோடு பேசுங்கள். டெவலப்பராக இருந்தால் டெஸ்டிங், சப்போர்ட், சேல்ஸ் ஆட்களின் கஷ்டத்தைக் கேளுங்கள். க்ளையன்ட் எதற்காகப் பணம் தருகிறார் என்பது சேல்ஸ் ஆட்களுக்குத்தான் முதலில் தெரியும்.

சின்னதாக ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். "அடுத்த ரிலீஸை ஒருங்கிணைக்கும் பொறுப்பை எனக்குத் தர முடியுமா?" என்று உங்கள் மேனேஜரிடம் நேரடியாகக் கேளுங்கள். அவர் மீது ஒரு சுமை குறையும் என்பதால் பெரும்பாலும் மறுக்க மாட்டார். புதியவர்களுக்குப் பயிற்சி, சர்வர் மாற்றம், ஆபீஸ் இடமாற்றம் என எதுவானாலும் சரி. ஆரம்பம், முடிவு, கெடு மூன்றும் இருந்தால் அது புராஜெக்ட்தான்.

கட்டடத் துறையில் இருப்பவர்களுக்கு வழி கொஞ்சம் வேறு. சைட் இன்ஜினீயராக இருக்கும்போதே பில்லிங், அளவுக் கணக்கு, பிளானிங் பக்கம் கேட்டுப் போங்கள். பிரைமவேரா, மைக்ரோசாஃப்ட் புராஜெக்ட் ஆகியவற்றில் ஒன்றைக் கற்றுக்கொள்ளுங்கள். எந்த வேலை ஒரு நாள் தள்ளிப்போனால் முழுக் கட்டடமும் ஒரு நாள் தள்ளிப்போகும் என்று கண்டுபிடிப்பதுதான் இந்த சாஃப்ட்வேர்களின் சாரம். 1950-களில் டூபான்ட் நிறுவனத்தில் உருவான அந்தக் கணக்குமுறை இன்றும் அப்படியே பயன்படுகிறது.

சர்டிஃபிகேட் எப்போது?

இந்தத் துறையில் அதிகம் கேள்விப்படும் பெயர் பி.எம்.பி. 1969-ல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட பி.எம்.ஐ அமைப்பு, 1984 முதல் இந்தச் சான்றிதழை வழங்குகிறது. அதற்குச் சென்னையிலும் கிளை உண்டு. பி.எம்.பி-க்கு விண்ணப்பிக்க, பட்டதாரியாக இருந்தால் புராஜெக்ட்டை வழிநடத்திய 36 மாத அனுபவமும், 35 மணி நேரப் பயிற்சியும் தேவை. டிப்ளமோ படித்தவர்களுக்கு அனுபவக் காலம் இன்னும் கூடுதல். சான்றிதழ் வாங்கிய பிறகும் மூன்று வருடங்களுக்கு ஒருமுறை 60 பயிற்சிப் புள்ளிகள் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். விதிகளும் கட்டணமும் மாறும் என்பதால் பணம் கட்டும் முன் பி.எம்.ஐ இணையதளத்தைப் பார்த்துவிடுங்கள்.

பலருக்குத் தெரியாத விஷயம், அந்த 36 மாதங்களில் உங்கள் விசிட்டிங் கார்டில் 'புராஜெக்ட் மேனேஜர்' என்று இருந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. வழிநடத்திய வேலைதான் கணக்கு. அதனால், இன்றிலிருந்தே எந்த மாதம் எந்த புராஜெக்ட்டில் என்ன செய்தீர்கள் என்று குறித்து வையுங்கள். சில விண்ணப்பங்களை அவர்கள் தணிக்கைக்கு எடுப்பார்கள், அப்போது பழைய மேனேஜரின் கையெழுத்து வரை தேவைப்படும்.

அனுபவமே இல்லாதவர்களுக்கு அதே அமைப்பின் 'சி.ஏ.பி.எம்' தேர்வு இருக்கிறது. ஐ.டி-யில் இருப்பவர்கள் ஸ்க்ரம் முறையையும் தெரிந்துகொள்ள வேண்டும். கென் ஷ்வாபர், ஜெஃப் சதர்லேண்ட் இருவரும் எழுதிய 'ஸ்க்ரம் கைடு' இணையத்தில் இலவசம். 2020 பதிப்பு இருபது பக்கம்கூட இல்லை. அதைப் படித்தால் ஒரு ஆச்சரியம் காத்திருக்கும். அதில் புராஜெக்ட் மேனேஜர் என்ற பொறுப்பே கிடையாது. அந்த வேலை புராடக்ட் ஓனர், ஸ்க்ரம் மாஸ்டர், டெவலப்பர்கள் என மூவருக்குள் பங்கு பிரிகிறது. எனவே, வேலை விளம்பரத்தில் எந்தப் பெயர் இருந்தாலும், உள்ளே என்ன வேலை என்று கேட்டுவிட்டுச் சேருங்கள்.

சான்றிதழ் இன்டர்வியூ வரை கொண்டுபோய் விடும். உள்ளே பேச அனுபவம் வேண்டும். கடன் வாங்கி ஆயிரக்கணக்கில் கொட்டும் முன், மேலே சொன்ன சின்னச் சின்னப் பொறுப்புகளில் ஆறு மாதம் இருந்து பாருங்கள்.

ரெஸ்யூமேவும் இன்டர்வியூவும்

'ஜாவாவில் எட்டு வருட அனுபவம்' என்ற வரி டெவலப்பர் வேலைக்கானது. அதே அனுபவத்தை இப்படி எழுதலாம்: 'ஆறு பேர் டீமுக்கு எஸ்டிமேட் தயாரித்தேன். நான்கு ரிலீஸ்களை ஒருங்கிணைத்தேன். டெஸ்டிங் டீமோடு சேர்ந்து, கடைசி வாரத்தில் வரும் மாற்றங்களைக் குறைத்தேன்.' செய்ததை மட்டும் எழுதுங்கள். இரண்டாவது கேள்வியிலேயே பொய் வெளுத்துவிடும்.

இன்டர்வியூவில் பெரும்பாலும் சூழ்நிலைக் கேள்விகள்தான். 'ரிலீஸுக்கு மூன்று வாரம் இருக்கிறது. முக்கியமான டெவலப்பர் ராஜினாமா செய்துவிட்டார். என்ன செய்வீர்கள்?' டெக்னிக்கல் ஆள் உடனே, "நானே உட்கார்ந்து முடித்துவிடுவேன்" என்பார். எதிரே இருப்பவர் அதைக் கேட்டுத்தான் பேனாவை மூடுவார். அவர் எதிர்பார்ப்பது வேறு: அவர் கையில் இருக்கும் வேலைகளின் பட்டியல் எடுப்பது, எதைத் தள்ளிவைக்கலாம் என்று பார்ப்பது, போகும் முன் இன்னொருவருக்கு அவரைக் கொண்டே சொல்லிக் கொடுக்க வைப்பது, க்ளையன்ட்டுக்கு உடனே தகவல் சொல்வது. கூடவே, அவர் ஏன் போகிறார் என்று விசாரிப்பது.

சொந்த நிறுவனத்துக்குள்ளேயே மாறுவது வெளியே தேடுவதைவிட எளிது. அங்கே உங்களைத் தெரியும், டொமைன் தெரியும், முதல் தடுமாற்றங்களைப் பொறுத்துக்கொள்ள ஆட்கள் இருப்பார்கள்.

முதல் மூன்று மாதங்கள்

இந்தக் காலத்தில் புது மேனேஜர்கள் விழும் பள்ளங்கள் மூன்று. முதலாவது, ராத்திரியில் ரகசியமாக மற்றவர்களின் கோடைத் தானே திருத்துவது. இதனால் டீம் கற்றுக்கொள்ளாது, நீங்களும் தூங்க மாட்டீர்கள். இரண்டாவது, 'முடிஞ்சுதா, முடிஞ்சுதா' என்று கேட்டு ஸ்டேட்டஸ் வாங்கும் ஆளாகச் சுருங்கிவிடுவது. 'எங்கே சிக்கியிருக்கு, நான் யாரிடம் பேசணும்?' என்று கேட்பவருக்குத்தான் உண்மை நிலவரம் தெரியவரும். மூன்றாவது, எல்லாம் நன்றாகப் போகிறது என்று கடைசி வாரம் வரை அறிக்கை அனுப்புவது. பத்து நாள் முன்பே சொன்ன தாமதத்தை க்ளையன்ட் மன்னிப்பார். முந்தின நாள் ராத்திரி சொன்னதை மன்னிக்க மாட்டார்.

நேற்றுவரை ஒன்றாக டீ குடித்தவர்கள் இன்று உங்களுக்கு ரிப்போர்ட் செய்வார்கள். தனித்தனியாக உட்கார்ந்து பேசிவிடுங்கள். "நட்பு அப்படியேதான் இருக்கும். ஆனா, வேலை விஷயத்தில் எல்லாருக்கும் ஒரே அளவுகோல்" என்று முதல் வாரத்திலேயே சொல்வது, ஆறாவது மாதத்தில் சொல்வதைவிடச் சுலபம்.

வீட்டுக்கும் சொல்லிவிடுங்கள்

அமெரிக்க க்ளையன்ட் என்றால் அவர்களுடைய காலை நமக்கு ராத்திரி. மீட்டிங் ஏழு மணிக்குத் தொடங்கி பத்து மணி வரை நீளும். பிள்ளைகளின் ஹோம்வொர்க் நேரமும், வீட்டில் எல்லோரும் சேர்ந்து சாப்பிடும் நேரமும் அதுதான். புது வேலையை ஒப்புக்கொள்ளும் முன், எந்த நாட்டு க்ளையன்ட், வாரத்தில் எத்தனை ராத்திரி என்று கேளுங்கள். வீட்டில் அதைச் சொல்லி, எந்த இரண்டு மாலைகளை யாருக்கும் விட்டுக்கொடுக்கப்போவதில்லை என்று சேர்ந்து முடிவு செய்யுங்கள். கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில், இதைப் பேசாமல் விட்டால் சுமை பெரும்பாலும் மனைவி பக்கம்தான் சரியும்.

பிரசவத்துக்குப் பிறகு வேலைக்குத் திரும்பும் பெண்களிடம், "கோடிங் விட்டுப்போயிருக்கும், மேனேஜ்மென்ட் பக்கம் போயிடுங்க" என்று அறிவுரை சொல்பவர்கள் உண்டு. மாறுவது உங்கள் விருப்பமாக இருந்தால் நல்லது. விட்டுப்போன டெக்னாலஜியைச் சில மாதங்களில் பிடித்துவிடலாம் என்பதால், பயந்து மாற வேண்டியதில்லை.

பாதுகாப்பான நாற்காலியா?

'மேனேஜர் ஆகிவிட்டால் வேலை போகாது' என்பது பழைய நம்பிக்கை. ஆட்குறைப்பு வரும்போது நடுவில் இருக்கும் மேனேஜர்கள்மீதும் கண் விழுகிறது. கீழே இருப்பவர்களிடம் கேட்டு மேலே அனுப்புவது மட்டுமே வேலை என்றால், ஏ.ஐ கருவிகள் இப்போதே மீட்டிங்கைச் சுருக்கி, ஸ்டேட்டஸ் மெயிலையும் எழுதிக்கொடுத்துவிடுகின்றன. கோபமாக இருக்கும் ஜவுளிக்கடை முதலாளியிடம் மூன்று வழிகளைச் சொல்லி ஒன்றுக்குச் சம்மதிக்க வைப்பது, மனம் விட்டுப்போன டெவலப்பரை உட்கார வைத்துப் பேசுவது போன்றவைதான் மனிதர்களுக்கு மிஞ்சும். அதில் தேர்ந்தவருக்குத் தேவை இருக்கும்.

டெக்னாலஜியோடு தொடர்பையும் அறுத்துவிடாதீர்கள். வாரத்தில் இரண்டு மணி நேரம் போதும். டீம் எழுதியதைப் படியுங்கள், புதுக் கருவி ஒன்றை வீட்டில் ஓட்டிப் பாருங்கள். யாராவது, "இது ரெண்டு மாசம் ஆகும்" என்றால் அது நியாயமா என்று உங்களுக்கே தெரிய வேண்டும். ஒரு வருடம் பார்த்துவிட்டு இது எனக்கான வேலை இல்லை என்று தோன்றினால், திரும்பிப் போகும் கதவையும் அந்த இரண்டு மணி நேரம்தான் திறந்து வைத்திருக்கும். அப்படித் திரும்பியவர்கள் தோற்றவர்கள் ஆகிவிட மாட்டார்கள். மேனேஜருக்கு என்ன தலைவலி என்று தெரிந்த டெவலப்பரை எந்த டீமும் சந்தோஷமாகச் சேர்த்துக்கொள்ளும்.

இந்த வாரத்தில் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் டீமின் அடுத்த ரிலீஸ் தேதியை ஒரு தாளில் எழுதுங்கள். அந்தத் தேதி தவறினால் அதற்குக் காரணமாக இருக்கப்போகிற மூன்று விஷயங்களை அதன் கீழே எழுதுங்கள். ரிலீஸ் முடிந்தபிறகு தாளை எடுத்துப் பாருங்கள். மூன்றில் இரண்டு சரியாக இருந்தால், அவற்றை முன்பே யாரிடமாவது சொல்லியும் இருந்தால், பதவி வருவதற்கு முன்பே பாதி வேலையைக் கற்றுக்கொண்டுவிட்டீர்கள்.